கன்றின் படமும் முப்பத்தோராம் நாளும்

என் கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்ததில், எதைப் பார்த்தாலும் பிழை எங்கே என்று தேடும். ஓய்வு பெற்று, ஓக்லண்டின் புறநகரான கிளென்ஃபீல்டில் வீட்டோடு இருந்த முதல் மாதத்திலேயே அது என் கணவரின் சமையல்மீது பாய்ந்தது. "உமக்கு ஏதாவது வேலை வேணும்" என்று அவர்தான் கும்பிடாத குறையாகச் சொன்னார். கிடைத்தது சம்பளமில்லாத வேலை. ஆப்பிரிக்காவில் ஒரு காப்பகம் காட்டு மரங்களில் கமராக்களைக் கட்டி வைத்திருந்தது. அவை தாமாக எடுக்கும் படங்களை வீட்டுக் கணினியில் பார்த்து, அதில் நிற்பது எந்தக் காண்டாமிருகம் என்று சொல்ல வேண்டும்.

எல்லாம் கறுப்புக் காண்டாமிருகங்கள். காட்டில் மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான், அவற்றையும் கொம்புக்காகக் கொல்கிறார்கள். அடையாளத்துக்காகக் காவலர்கள் ஒவ்வொன்றின் காதோரத்திலும் சின்ன வெட்டுகள் போட்டிருப்பார்கள். மங்கலான படத்தில் அந்த வெட்டுகளைக் கண்டுபிடிப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இடது காதில் இரண்டும் வலது காதின் நுனியில் ஒன்றும் வெட்டுள்ள ஒருத்தி என் மனதைப் பிடித்துக்கொண்டாள். சரியான முன்கோபக்காரி. ஒருநாள் கமராவையே முட்டிச் சரித்துவிட்டாள். உம்மைப் போல என்றார் கணவர். நான் மறுக்கவில்லை.

சேரும்போது ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். படங்களை வெளியே யாருக்கும் காட்டக் கூடாது என்பது முதல் நிபந்தனை. வாசித்துத்தான் கையெழுத்திட்டேன்.

அடுத்த வருடம் என் தங்கையின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியும்வரை பிள்ளையின் படம் வீட்டை விட்டுப் போகக் கூடாது, கண்பட்டுவிடும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதற்குக் காவல் நான்தான். ஓக்லண்டில் பிறந்து வளர்ந்த தங்கை மகள், "ஏன் பெரியம்மா?" என்று தமிழில் தொடங்கி மிச்சச் சண்டையை ஆங்கிலத்தில் பிடித்தாள். நான் அசையவில்லை. கைபேசியில் இருந்த குடும்பக் குழுவிலோ ஓக்லண்ட், டொரன்டோ, லண்டன், கொழும்பு என்று எழுபது பேர் படம் எங்கே, படம் எங்கே என்று நச்சரித்தார்கள்.

அந்தக் கிழமை பார்த்து என் முன்கோபக்காரி ஒரு கன்றோடு கமராவுக்கு முன்னால் வந்து நின்றாள். தண்ணீர்க்குட்டை ஓரம். கன்று தாயின் வயிற்றுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றது. கொம்பு முளைக்கும் இடத்தில் சின்ன மேடு மட்டும் தெரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைப் படத்துக்கு ஏங்கிக் கிடக்கிற சனத்துக்கு இதாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று கணினித் திரையைக் கைபேசியால் படம் பிடித்து, 'எங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளை' என்று எழுதிக் குழுவில் போட்டேன். கையெழுத்திட்ட பத்திரம் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் மத்தியானம் தங்கை மகள் எனக்குப் போன் எடுத்தாள். படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறது, கவனித்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அதில் தேதி, நேரம், கமரா எண், கடைசியில் இடத்தைக் குறிக்கும் இலக்கங்கள். அவற்றைக் கைபேசியின் வரைபடத்தில் போட்டால் நேரே அந்தக் குட்டையில் கொண்டுபோய் விடுகிறது, நான் போட்டுப் பார்த்தேன் என்றாள். பிறகு தமிழில் சொன்னாள்:

"என்ர பேபிய ஒளிச்சு வைச்சீங்கள். அதின்ர பேபிய காட்டிக் குடுத்திட்டீங்கள்."

அந்த இலக்கங்கள் கொம்புக்காகக் கொல்பவர்களுக்கும் வழி காட்டும். தாயைச் சுட்டால் பால்குடி மறவாத கன்று பிழைக்காது. ஒரு தோட்டாவில் இரண்டு உயிர் போகும். காப்பகத்துக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். அடுத்த நாள் பதில் வந்தது. திட்டவில்லை. அந்தப் பக்கம் காவலை இறுக்குகிறோம், கமராவை மாற்றுகிறோம், படத்தை எல்லோரிடமும் அழிக்கச் சொல்லுங்கள், இனி உங்களுக்குப் படங்கள் வராது என்று நான்கு வரி. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

குழுவில் அழித்தேன். ஆனால் சனம் அதற்குள் அங்கும் இங்கும் அனுப்பிவிட்டது. ஒவ்வொருவராக அழைத்துக் கெஞ்சினேன். நகரின் தென்கோடியில், பாபகூராவில் தனியாக இருக்கிற அத்தான், என் கணவரின் மூத்த அண்ணன், மட்டும் மாட்டேன் என்றார். போன வருடம்தான் மனைவியைப் பறிகொடுத்தவர். சனிக்கிழமை காலை நானும் கணவரும் காரில் போனோம். தாயும் கன்றும் அவர் கைபேசியின் முகப்பில் நின்றார்கள்.

"காலமை எழும்பின உடனே இதைத்தான் பாக்கிறனான். ஒரு மிருகத்தின்ர படம், பிள்ளை. ஆருக்கு என்ன கேடு?"

"படமில்லை அத்தான், அடியில இருக்கிற நம்பர். அதுகள் எங்க நிக்குதுகள் எண்டு அது சொல்லுது. நீங்கள் ஆருக்கும் அனுப்பினீங்களோ?"

"ஓம், கனடாவில ரெண்டு பேருக்கு. நல்ல சனம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்ல சனம்தான் அத்தான் இடத்தைச் சொல்லிப் போடுறது. நானும் நல்ல சனம்தான்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவருக்கும் என் கணவருக்கும் நடுவில் ஒரு சகோதரர் இருந்தார். ஊரில் சண்டைக் காலத்தில் அவரைத் தேடினார்கள், பிடிபடாமல் இருக்க வீடு மாறி மாறிப் படுத்தார். எந்த வீட்டில் என்று அயலவர் ஒருவர் சந்தியில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, சாப்பாடு கொடுத்தவர். அன்று கொண்டுபோனவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தக் குடும்பத்தில் அதை யாரும் கதைப்பதில்லை. என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படத்தைத் தானே அழித்தார். பிறகு கனடாவுக்குப் போன் எடுத்தார்.

"அந்தப் படத்தை அழியுங்கோ. இப்பவே. அழிக்குமட்டும் நான் லைனில நிக்கிறன்."

எனக்கு இப்போது படங்கள் வருவதில்லை. அவள் இருக்கிறாளா, கன்று பால்குடி மறந்துவிட்டதா, அதன் காதில் வெட்டு விழுந்ததா, எதுவும் தெரியாது. எனக்கு இது வேண்டியதுதான். ஆனாலும் வலிக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அத்தான் எனக்குப் போன் எடுப்பார்.

"கண்டுக்குட்டி எப்பிடி இருக்கு, பிள்ளை?"

"தெரியாது அத்தான்."

"எங்க நிக்குதெண்டும் தெரியாதோ?"

"தெரியாது."

"அப்ப நல்லது" என்பார்.