யுகிமுராவுக்குக் கருமாதி

பழைய பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, காசு போட்டு ஆடும் வீடியோ ஆட்டப் பெட்டியின் பொத்தான்களைச் சுற்றிப் படிந்த பிசுக்கைத் தேய்த்துக்கொண்டே பெட்டியைத் திட்டுகிறாள் சுமியே. "சாஸ் கையைக்கூடத் துடைக்காம எவன்டா உன்மேல கை வெச்சான்? நீயும் பேசாம வெச்சுக்கிட்டியா? உனக்குச் சொரணை இல்லை?" ஒசாகாவின் தெற்குக் கோடியில், கூரை போட்ட எங்கள் கடைவீதியில், காலையில் முதலில் எழும்பும் குரல் இதுதான்.

அறுபத்தாறு வயது. சிறுத்தைப் புள்ளிச் சட்டை, காதிடுக்கில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், மடிப்பையில் எப்போதும் மிட்டாய். அவளிடம் திட்டு வாங்குகிறவனுக்கும் ஒரு மிட்டாய் கிடைக்கும். திட்டும் மிட்டாயும் வாங்காமல் அந்தக் கடையிலிருந்து யாரும் வெளியே வந்ததில்லை.

கடையில் உள்ள பெட்டிகள் எல்லாம் நாற்பது வருடத்துக்கு முந்தியவை. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. எல்லாம் நானூறு வருடத்துக்கு முன்னால் ஒசாகாக் கோட்டையைக் காக்க நின்று செத்தவர்களின் பெயர்கள். வாசலுக்கு நேரே நிற்கும் பெரிய பெட்டி யுகிமுரா. கோட்டையைப் பிடித்த டோகுகாவாவின் பெயரை ஒன்றுக்காவது வைக்கக்கூடாதா என்று கேட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். "ஜெயிச்சவனுக்குத்தான் தங்கத் தகடு போட்டுக் கோயிலே கட்டியாச்சே! இங்க எதுக்கு அவன்? என் கடையில தோத்தவனுக்குத்தான் இடம்."

'பழைய கால அழகு' என்று சொல்லிக்கொண்டு டோக்கியோவிலிருந்து பிள்ளைகள் படமெடுக்க வருவார்கள். சுமியேவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "பழசாம்ல? நேத்து ராத்திரிகூட இதுல ஒருத்தன் தோத்துட்டு அழுதான். அழ வைக்கிறது எப்படிடா பழசாகும்? படம் வேணும்னா முதல்ல உக்காந்து ஒரு ஆட்டம் தோத்துட்டு எடு."

சமய விஷயத்திலும் அவளுக்குச் சொந்தக் கருத்துதான். "இந்தப் பெட்டி மூணு உயிர் குடுக்குது. புத்தர் எத்தனை பிறவி குடுக்குறார்னு ரியோகாய் சாமியைக் கேட்டேன். கணக்கே இல்லைம்மான்னார். தாராளம்தான். ஆனா போன ஆட்டத்துல எங்க தப்பு பண்ணினோம்னு அங்க ஞாபகம் இருக்காதாம். அப்புறம் எப்படித் தேர்றது, சொல்லு?" ரியோகாய் தெருக்கோடிக் கோயிலின் இளம் பூசாரி. இதைக் கேட்டுவிட்டு அவர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு போனதாகக் கேள்வி.

இந்த மழைக்காலத்தில் யுகிமுராவின் திரை இருண்டுபோனது. அந்த அளவில் படக்குழாய் இப்போது யாரும் செய்வதில்லை. கோபேயில் ஒருவரிடம் இருக்கிறது, விற்க மனமில்லை. சுமியே வாரம் தவறாமல் அவருக்குப் போன் போட்டு நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கிடையில்தான் கடைவீதிச் சங்கத் தலைவர், கடற்பாசிக் கடை இகேகாமி, ஒரு யோசனையோடு வந்து நின்றார். தேய்ந்த ஊசிக்கும் முகம் மங்கிய பொம்மைக்கும் மந்திரம் ஓதி வழியனுப்பி வைப்பது எங்கள் வழக்கம். சுமியேவே தன் மகளின் பொம்மைகளைக் கண் கலங்கித்தான் அனுப்பி வைத்தாள். போன வருடம் கோயிலில் பொம்மைகளுக்குச் செய்தபோது நல்ல கூட்டம். இந்த வருடம் ஆட்டப் பெட்டிக்குச் செய்யலாம் என்பது இகேகாமியின் திட்டம்.

"சுமியேக்கா, அது செத்துப்போச்சு. மரியாதையா அனுப்பி வைப்போம். டிவிக்காரங்க வேற வர்றாங்க. தெருவுக்கே நல்லதுக்கா."

"உங்கப்பாவுக்குக் கண்ணுல புரை விழுந்து ஒண்ணும் தெரியாம கிடந்தாரே, அப்ப அவருக்குக் கருமாதி பண்ணினியாடா?"

"அதுவும் இதுவும் ஒண்ணாக்கா?"

"ஒண்ணுதான்! டோகுகாவா என்ன பண்ணினான்? சமாதானம்னான். வெளி அகழியை மட்டும் மூடிக்கிறேன்னான். அப்படியே உள் அகழியையும் மூடினான். அடுத்த வெயில் காலத்துல கோட்டையே இல்லை. இன்னைக்கு யுகிமுரா, நாளைக்கு இந்த வரிசை, அப்புறம் நான். எனக்கென்ன தெரியாதா, இந்த இடத்தை மருந்துக்கடைக்குப் பேசி வெச்சிருக்கீங்கன்னு?"

இகேகாமியின் காது சிவந்தது. மருந்துக்கடைப் பேச்சு நிஜந்தான். ஓதி முடித்த பெட்டி எங்கள் கண்ணில் பிணம்; அதன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதற்கப்புறம் அவள் கடைக்கு யார் வருவார்கள்? ஆனால் கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம், அவளால் தடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று இகேகாமி நாளும் குறித்துவிட்டார்.

அன்றைக்கு ஆட்கள் வந்து யுகிமுராவை வாசலுக்குத் தள்ளினார்கள். சுமியே குறுக்கே வரவில்லை. கிழவி ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகக்கூட இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை, சாமந்திப் பூ, சாம்பல் கிண்ணத்தில் புகையும் ஊதுவத்தி. கேமராக்காரர் கை காட்டினார். ரியோகாய் மர மணியைத் தட்டி ஓதத் தொடங்கினார்.

சுமியே ஒரு முக்காலியை இழுத்து வந்து யுகிமுராவின் முன்னால் உட்கார்ந்தாள். பெட்டியின் பின்னாலிருந்து நீளமான ஒயரைக் கடைக்குள் கொண்டுபோய் முன்பே செருகியிருக்கிறாள். அதை யாரும் கவனிக்கவில்லை. காசு போட்டாள். கறுத்த திரைக்குள்ளிருந்து, தெரு அதிரும்படி, யுத்த மெட்டு எழும்பியது.

அவள் ஆடினாள். ஒன்றுமே தெரியாத திரையைப் பார்த்துக்கொண்டு, சத்தத்தை வைத்தே, குண்டு வரும்போதெல்லாம் விலகினாள். எதிரிக் கப்பல்கள் ஒவ்வொன்றாக வெடிப்பது எல்லோருக்கும் கேட்டது. கூட்டத்தில் யாரோ "அடிச்சா பாரு!" என்று கத்தினார்கள். ரியோகாயின் கை மர மணிமேல் நின்றுவிட்டது.

"அம்மா... இது இன்னும் சத்தம் போடுதே?"

"போடும் சாமி. கண்ணுதான் போச்சு. காதும் வாயும் நல்லாத்தான் இருக்கு. நீங்க ஓதினதுகூட அதுக்குக் கேட்டிருக்கும், பாவம்."

"சாமி, ஓதுங்க! கேமரா ஓடுது!" என்று இகேகாமி பல்லைக் கடித்தார்.

ரியோகாய் பெட்டியைப் பார்த்தார், இகேகாமியைப் பார்த்தார். ஊதுவத்தி மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

புத்தருக்கு ஏற்றியதை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. மனித மூச்சு அசுத்தம்; பட்டால் சடங்கே கெட்டுப்போகும். கையால் விசிறித்தான் அணைக்க வேண்டும். இது எங்கள் தெருவில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். செத்துப்போன கணவரின் படத்துக்கு முன்னால் தினமும் உட்காருகிற சுமியேவுக்குத் தெரியாதா? அவள் இடது கையைக் கப்பலை நகர்த்தும் கம்பியிலிருந்து எடுக்காமலே, வலது கையை நீட்டிச் சாம்பல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கன்னம் இரண்டும் உப்ப மூச்சை இழுத்து, ஃபூ என்று ஊதினாள்.