வளைவில் தூக்கிய கை

சைதாப்பேட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் மெஹபூப் அலிக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் 1949 வாக்கில் அடையாறு கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால், துடைப்பமும் கையுமாக முதலில் வந்து நிற்பவர் அவர்தான். கடற்காற்று வளைவில் மணலைக் கொண்டுவந்து கொட்டும். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள்தான் அதைப் பெருக்குவோம். பந்தயம் நடத்தும் சங்கத்துப் பெரிய மனிதர்கள் பந்தல் நிழலில் சோடா குடிப்பார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பெருக்கறது நாங்க, ரூல் போடறது நீங்களா? எங்களையும் ஒரு வார்த்த கேளு சார்" என்று செயலாளர் கஸ்தூரிரங்கனை இரண்டு வருடம் நச்சரித்தார் பாய்.

"பாக்க வந்தவா பாத்துட்டுப் போங்கோ" என்பார் அந்த மயிலாப்பூர் வக்கீல்.

வளைவில் யாரும் முந்தக் கூடாது என்று ஒரு விதி. அதனால் பந்தயம் சப்பென்று இருக்கிறது என்று கூட்டம் முணுமுணுக்க, ஒரு பந்தயத்தன்று வக்கீலே மனம் இறங்கினார். "அந்த ரூலை எடுத்துடலாமா? எடுக்கணுங்கறவா கை தூக்குங்கோ" என்று பந்தலில் இருந்தபடியே ஒலிபெருக்கியில் கேட்டார்.

நம்மையும் கேட்டுவிட்டார்களே என்ற குஷியில் எல்லாக் கையும் மேலே போனது. பாயின் கையும்தான்.

எதிரே சாந்தோம் வால்டர் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். அந்த சீட் பாய் தைத்தது. போன பந்தயத்தில் அதே வளைவில் சறுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டவன் அவன்.

"இன்னா பாய், நீயுமா? ரூல் போச்சுன்னா நானும் முந்தித்தானே ஆவணும்" என்றான்.

பாயின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் கையை இறக்கவில்லை. தூக்கிய கையோடு நடந்துபோய், வண்டி சறுக்கினால் வந்து மோதும் இடத்தில், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றை ஒட்டி நின்றார்.

"கை தூக்கினவன்லாம் இங்க வா நைனா. நாமதானே முந்தச் சொன்னோம்? இங்க நின்னு பாரு."

ஒருவரும் நகரவில்லை. நானும்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு கையாக இறங்கியது. கடைசியில் பாய் தன் கையை இறக்கினார்.

"பாத்தேளா, இதுக்குத்தான் உங்களையெல்லாம் கேக்கப்படாதுங்கறது" என்றார், பந்தலிலிருந்து இறங்கி வந்த வக்கீல்.

"இன்னா சார் கெட்டுப்போச்சு? நீ கேட்ட, நாங்க யோசிச்சோம், சரியாத்தானே முடிஞ்சிது. அடுத்த தபாவும் கேளு. ஆனா பந்தல்லேர்ந்து கேக்காத, இங்க வந்து நின்னு கேளு." பாய் துடைப்பத்தை அவரிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் மணல் கீது."

வக்கீல் சுற்றுமுற்றும் பார்த்தார். வால்டர் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தான்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தை வாங்கினார்.