தோள் இறங்கியவரோடு புதுச்சேரிக்கு ஒரு நாள்

இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதெல்லாம் கோயில், கடற்கரை, பிள்ளைகளோடு போய் ஒரே நாளில் திரும்பக்கூடிய இடங்கள். புதுச்சேரியைப் பற்றியே இரண்டு முறை எழுதியாகிவிட்டது. போன மார்கழியில் அங்கே போனது என் வீட்டுக்காரரின் வலது தோளுக்காக. கபடி ஆடுகிறவர்கள் இருக்கும் வீட்டிலிருந்து யாராவது இதே மாதிரி கிளம்ப யோசித்துக்கொண்டிருந்தால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். ஊர் சுற்றும் ஆசையில் வந்தவர்கள் பழைய பதிவுகளுக்குப் போய்விடலாம். இதில் நல்ல காபிகூட வராது.

வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. டைல்ஸ் ஒட்டும் வேலை. விழுப்புரம் பக்கத்தில் எங்கள் ஊர் கபடி அணியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கார்னர் ஆடுகிறார். பாடி வருகிறவனின் காலைப் பிடித்து மடக்குகிற இடம் அது. அப்படிப் பிடிக்கும்போது தோள் மூட்டு கழன்றுவிடும். "எறங்கிச்சு" என்பார்கள். இறங்கினால் ஏற்றிவிடுவதற்கு அணியின் கேப்டன் காளி அண்ணன் இருக்கிறார். மண்ணில் படுக்க வைத்து, அக்குளில் தன் குதிகாலை முட்டுக்கொடுத்து, கையைப் பிடித்து நிதானமாக இழுப்பார். மூட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கூட்டம் கைதட்டும். இவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி கோட்டுக்குள் போய் நிற்பார். எங்கள் பக்கத்தில் எல்லா அணியிலும் இப்படி ஏற்றத் தெரிந்த ஒருவர் உண்டு. அப்படி ஆள் இல்லாத அணியைத்தான் கேலி செய்வார்கள்.

மார்கழியில் ஒரு நாள், வேலை முடிந்து வந்து பனியனைக் கழற்றும்போது தோள் இறங்கிவிட்டது. பனியன் தலையில் மாட்டிக்கொண்டிருக்க, மனுஷன் வாசலில் உட்கார்ந்து முனகுகிறார். நான் காளி அண்ணனைக் கூப்பிட ஓடினேன். ஓடும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி இது காளி அண்ணனிடம் விடுகிற விஷயம் இல்லை என்று. பக்கத்து ஊர்ப் பையனுக்கு முழங்கால் ஆப்பரேஷன் செய்த டாக்டர் புதுச்சேரியில் இருக்கிறார், விளையாட்டில் தோளும் முழங்காலும் எப்படிப் போகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவர், போட்டி நடக்கிற மைதானத்துக்கே வந்து உட்காருவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கும் காளி அண்ணன்தான் வந்து ஏற்றிவிட்டார். ஆனால் நான் அந்த டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

விழுப்புரத்தில் காலை ஆறே காலுக்குப் பஸ். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். வலது தோள் கெட்டவர்கள் டிரைவர் பக்கத்து வரிசையில் ஜன்னலோரம் உட்காருங்கள். எதிர் வரிசையில் நடைபாதை ஓரம் உட்கார்ந்தால் நிற்கிறவர்கள் பிடிக்கிற முதல் கம்பம் உங்கள் தோள்தான்.

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர் வந்தார். "பீச்சுக்கா மேடம்?"

"கருவடிக்குப்பம். எலும்பு டாக்டர்."

அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். "தோளா, முட்டியா?"

"தோள்."

"கபடியா? நூத்தம்பது குடுங்க, போதும். எங்க தெருவுலயே ரெண்டு பேரு முட்டி போயி உக்காந்துருக்கானுங்க."

மருத்துவமனை சின்னதுதான். எங்களுக்கு முன்னால் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த ஒரு பெண் முழங்காலில் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாலிபால் ஆடுகிறவள். அவள் அம்மா யாரும் கேட்காமலே என்னிடம் சொன்னார்: "வீக்கம் வடிஞ்சிடுச்சுன்னு ஆடப் போயிட்டாம்மா. இப்ப உள்ள ரெண்டு எடத்துல கிழிஞ்சிருக்காம்." அந்தப் பெண் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. டாக்டர் முதலில் ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதிக்கொடுப்பார். ஸ்கேன் எடுக்கும் இடம் நடந்துபோகிற தூரம். எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார மதியம் ஆகிவிடும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். படத்தை விளக்கில் மாட்டிவிட்டுக் கேட்டார். "எத்தனை வாட்டி எறங்கிச்சு?"

"ஒரு மூணு வாட்டி இருக்கும் சார்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "மூணா? போன பொங்கல் ஆட்டத்துல மட்டுமே மூணு."

"அதெல்லாம் காளி ஏத்திட்டாருடி. அதுவும் சேருமா?" என்றார் நிஜமாகவே புரியாமல்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எல்லாரும் இதேதாம்மா சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தாதான் எறங்குனதா நெனைக்கறாங்க. கோட்டுலயே ஏத்திட்டா எறங்கவே இல்லன்னு ஆயிடுது. இங்க உக்காந்து கேட்டா எனக்கு உண்மை கெடைக்காது. அதான் ஆட்டம் நடக்கற எடத்துக்கே போயி உக்கார ஆரம்பிச்சேன்."

காளி அண்ணன் எப்படி ஏற்றுவார் என்று கேட்டார். வீட்டுக்காரர் பெருமையாகக் காலைத் தூக்கிக் காட்டினார். "ஏத்தற விதத்துல பெரிய தப்பு இல்ல. ஏத்துனதும் திரும்ப உள்ள போறீங்களே, அங்கதான் எல்லாம் போகுது" என்றார் டாக்டர். பிறகு படத்தைக் காட்டினார். பந்து போன்ற எலும்பு, அது உட்காரக் கிண்ணம் போல இன்னொரு எலும்பு. ஒவ்வொரு முறையும் பந்து இடித்துக்கொண்டே வெளியே வந்ததில் கிண்ணத்தின் முன்பக்கம் தேய்ந்து மூளியாகக் கிடந்தது. எனக்கே தெரிந்தது.

அடுத்து அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தோளின் வெளிப்பக்கம் தடவினார். "தொடுறனா?"

"இல்ல சார்."

பஞ்சு தோள் மேல்தான் இருந்தது. டாக்டர் இன்னும் அழுத்தினார். அப்போதும் இல்லை என்றார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"ஐப்பசியிலேர்ந்து."

ஐப்பசியிலிருந்து தினமும் அந்தத் தோளுக்கு நான்தான் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். தேய்த்துக்கொண்டே எப்படி இருக்கு என்று கேட்பேன். எதமா இருக்குடி என்பார். எனக்கு அந்த அறையிலேயே அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

தோளிலேயே வேறோர் இடத்திலிருந்து துண்டு எலும்பு எடுத்து, தேய்ந்த இடத்தில் வைத்து ஸ்க்ரூ போட வேண்டும், அதற்கப்புறம் கபடி கிடையாது என்றார் டாக்டர். "நரம்பு அடி வாங்கிருக்கு. முழுசாப் போயிடல. இன்னொரு வாட்டி எறங்குனா என்னாகும்னு என்னால சொல்ல முடியாது. பொங்கலுக்கு முன்னாடியே பண்ணிடலாம்."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆத்துத் திருவிழா முடிஞ்சு வெச்சுக்கலாமா சார்?" என்றார். பொங்கலுக்கு ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றில் நடக்கிற திருவிழா அது. அன்றைக்கு ஆற்று மணலில்தான் வருடத்தின் பெரிய கபடி ஆட்டம்.

டாக்டர் நாட்காட்டியைப் புரட்டினார். நான்தான் கேட்டேன். "நீங்க சொல்லி யாராவது ஆட்டத்த நிறுத்திருக்காங்களா சார்?"

"ஆப்பரேஷன் பண்ணி நிறுத்துனவங்க இருக்காங்கம்மா. சொல்லி நிறுத்துனவங்க இன்னும் யாரும் வரல."

தேதியைத் திருவிழாவுக்கு அடுத்த வாரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அவ்வளவு தூரம் போய்விட்டுக் கடலைப் பார்க்காமல் வர வேண்டுமா என்று அவர்தான் ஆட்டோவை நிறுத்தினார். கருங்கல் மேல் உட்கார்ந்து, "நான் இல்லன்னா கார்னர்ல யாரு நிப்பா?" என்றார்.

"செவுரு கட்டச் சொல்லுங்க. டைல்ஸ் நீங்க ஒட்டிக் குடுங்க."

சிரித்தார். நாலரை மணிப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் வந்தோம்.

ஆற்றுத் திருவிழாவுக்கு டாக்டர் வந்திருந்தார். கோட்டுக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக மணலில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் வீட்டுக்காரர் ஒருவன் காலைப் பிடித்தார். அவன் இழுத்துக்கொண்டு விழுந்தான். தோள் இறங்கிவிட்டது. காளி அண்ணன் ஓடிவந்து குதிகாலை வைத்து இழுத்தார். ஏறிவிட்டது. கூட்டம் கைதட்டியது. இவர் எழுந்து நின்றார், ஆனால் கோட்டுக்குள் போகவில்லை. டாக்டர் எழுந்து கிட்டே வந்தார்.

"கையத் தூக்குங்க."

"தூக்கிட்டுதான் இருக்கேன் சார்" என்றார்.

கை தொங்கிக்கொண்டிருந்தது.

ஆப்பரேஷன் சொன்ன தேதியில் நடந்தது. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது. நரம்பு சேரவில்லை. முழங்கைக்குக் கீழே எல்லாம் வேலை செய்கிறது, தோளை மட்டும் உயர்த்த முடியவில்லை. சுவர் வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. தரைக்கு எப்போதாவது கூப்பிடுகிறார்கள். காளி அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவரும் தெரிந்ததைத்தான் செய்தார் என்பதும் தெரிகிறது. இரண்டும் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் படத்தையே எடுத்துப் போங்கள், போனில் பிடித்தது போதாது. கழற்றுவதற்கு எளிதாகப் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தனியாக அனுப்பாதீர்கள். எத்தனை முறை இறங்கியது என்று கேட்டால் கோட்டில் ஏற்றியதையும் சேர்த்துக் கூடப் போகிறவர் சொல்ல வேண்டும், ஆடுகிறவர் சொல்ல மாட்டார். டாக்டர் முதலில் சொல்கிற தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். திருவிழா அடுத்த வருடமும் வரும்.

ஆராய்ச்சிக்காக டாக்டர் இப்போது மாதம் ஒரு முறை போன் செய்கிறார். இவரைக் கேட்பதில்லை, என்னைத்தான் கேட்கிறார். நேற்றும் வந்தது. "கை எவ்ளோ தூரம் வருதும்மா?" என்றார். போன் பேச்சைக் கேட்டு வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "இப்ப கொஞ்சம் தூக்கறேன்னு சொல்லுடி" என்றார். நான் எழுந்து போய் நிலைப்படியில் நின்று பார்த்தேன். முகம் சிவக்க முயற்சி செய்துகொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றேன். "இன்னும் வரல."