விரிசல் விட்ட சேரும் என் கிடாரும்

சபைல சேர் போடுற வேலை இருக்கே, சரியா போட்டா யாரும் பாக்க மாட்டாங்க, ஒண்ணு குறைஞ்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. ஞாயித்துக்கிழமை சேர் தூக்குற என் சொந்தங்களே, உங்களுக்குத் தெரியாததா. ஆபீஸ் போன் மீட்டிங் ஆரம்பிக்கிறதுக்குள்ள டைப் பண்றேன்.

கிடாரோட போனேன்

கோயம்புத்தூர்லேர்ந்து புனேக்கு வேலைக்கு வந்ததும் கோர்படில ஒரு தமிழ் சபை கிடைச்சுது. ஸ்கூல் ஹால்ல நடக்கும். எனக்கு ஒரே ஆசை, ஆராதனைல கிடார் வாசிக்கணும். ஆனா மேடை ஏறுறவங்க முதல்ல கொஞ்ச நாள் கீழ வேலை செய்யணும்ங்கறது அங்க வழக்கம். பாஸ்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "கிடார் சுவத்தோரமா இருக்கட்டும்மா. அந்த சேரெல்லாம் எடுத்துப் போடு."

மேஜைல பைபிள்

முதல் வாரமே சொதப்பல். வரிசை போட்டு முடிச்சுப் பாத்தா சேர் மேல அங்கங்க பைபிள். யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சு, பொறுப்பா எல்லாத்தையும் எடுத்து மேஜைல அடுக்கிட்டேன். அது இடம் பிடிக்க வச்சதாம்! வெளிய டீ குடிச்சிட்டு வந்த எஸ்தர் அக்கா, ரயில்வே காலனிக்காரங்க, அவங்க இடத்துல வேற குடும்பம் உக்காந்திருக்கிறதைப் பாத்தாங்க. "பைபிளைப் பத்திரமா வச்சிட்ட, சரி. என் ஃபேன் காத்தை எங்கம்மா வச்ச?"

கல்யாண ஆர்டர்

ஹால் வாட்ச்மேன் மராத்திக்காரர். வாராவாரம் நான் சேர் இறக்குறதையும் ஏத்துறதையும் பாத்துக்கிட்டே இருந்தவர், ஒருநாள் கிட்ட வந்தார். என்னைப் பந்தல் கடைப் பொண்ணுன்னே முடிவு பண்ணிட்டார் போல. "பேட்டா, என் பொண்ணு ஷாதிக்கு உங்க சேர் என்ன ரேட்?"

காய்ச்சல்

ஒரு ஞாயித்துக்கிழமை காய்ச்சல், நிக்டில பிஜி ரூம்ல படுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் கதவைத் தட்டுறாங்க, பாத்தா எஸ்தர் அக்கா, கைல ரசம் தூக்கு, பஸ் மாறி மாறி வந்திருக்காங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. எப்படிக்கா தெரியும்னு கேட்டேன். "வரிசையெல்லாம் கோணக்கா மாணக்கான்னு கெடந்துச்சு. நீ வரலன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அந்த ஞாயித்துக்கிழமை

கடைசில பாஸ்டர் கூப்பிட்டார், இந்த வாரம் நீ வாசின்னு. சந்தோஷம் தாங்கல. முதல் பாட்டு நல்லா போச்சு. ரெண்டாவது பாட்டு நடுவுல கீழ பாத்தேன். கால்ல விரிசல் விட்ட சேர் ஒண்ணு உண்டு, அடையாளத்துக்கு சிவப்பு நூல் கட்டி எப்பவும் மூலைல ஒதுக்கி வைப்பேன். அன்னைக்கு சேர் போட்டவங்களுக்கு அது தெரியாது, ஃபேனுக்குக் கீழயே போட்டிருக்காங்க. எஸ்தர் அக்கா அதுல உக்காரப் போறாங்க.

கிடாரோட கீழ குதிச்சு ஓடுனேன். சேரை இழுத்துட்டு வேற ஒண்ணைப் போட்டுட்டு மேடைக்குத் திரும்பி வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சே போச்சு. இத்தனை நாள் காத்திருந்த மேடை போச்சுன்னு நெனச்சு, ஆராதனை முடிஞ்சதும் தலைகுனிஞ்சு நின்னேன். பாஸ்டர் வந்தார். "கிடார் நின்னது யாருக்கும் தெரியலம்மா. அக்கா விழுந்திருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அடுத்த வாரமும் நீயே வாசி."

இப்ப மேடைல நிக்கிறேன், ஸ்தோத்திரம், ஆனா பாட்டுப் புத்தகத்தைப் பாக்குறதைவிட சேர் காலைத்தான் அதிகமா பாக்குறேன்.