பல்லக்கா கட்டிய கிளாரினெட்

“ஆ காட்டு. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், முடிஞ்சுது” என்று சொல்லிக்கொண்டே கிளாரினெட்டின் கீழ் குழலுக்குள் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை விடுகிறார் பல்லக்கா. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். அவரிடம் வாயின் அச்சுதான் வரும், வாய்க்கு உரியவர் வருவதில்லை. அதனால் பொருள்களோடு பேசியே பழகிவிட்டார்.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரி நிறையத் தாடைகள். விருந்தாளிகள் தவறிப்போய் அந்தக் கதவைத் திறந்தால் இளித்துக்கொண்டு வரவேற்கும். காபிக் கோப்பையில் மெழுகும் மெழுகுக் கிண்ணத்தில் காபியும் இருப்பது அங்கே சகஜம். “நான் கட்டின பல்லு திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது” என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

கிளாரினெட் அவருடைய கணவருடையது. பஸ் ஓட்டுநர், ஊர் பேண்டு குழுவில் வாசிப்பவர். ஒரு நாள் இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்த வாத்தியத்தின் மேல் யாரோ ஒரு பயணியின் இரும்புப் பெட்டி விழுந்தது. ஊதும் வாயும் நுனியில் விரியும் மணியும் மட்டும் தப்பின. நடுவே இருந்த இரண்டு குழல்களும் சுக்குநூறு. மனிதர் அன்று சாப்பிடவில்லை.

“புதுசு எதுக்கு? நான் கட்டிக் குடுத்துடறேன்” என்றார் பல்லக்கா. மூடப்போகிற ஒரு வாத்தியக் கடையிலிருந்து உதிரி பாகங்களை ஒரு பெட்டி நிறைய அள்ளி வந்தார். எந்தெந்தக் கிளாரினெட்டின் கையோ காலோ, யார் கண்டது? பல்லுக்குக் கம்பி கட்டும் எஃகுக் கம்பியை வளைத்து, விரலால் அழுத்தும் சாவிகள் திரும்ப எழும்ப வில் போட்டார். மேல் குழல் கீழ் குழலுக்குள் இறங்க மறுத்தது. விடுவாரா? பொருந்தாததைப் பொருந்த வைப்பதில்தான் அவருக்குக் குஷி. தக்கையைச் சீவி, விளிம்பைத் தேய்த்து, இரண்டும் ஒன்றாகவே பிறந்ததுபோல் சேர்த்துவிட்டார்.

கணவர் வாங்கி ஊதினார். “நல்லா இருக்கு” என்றார். உப்பில்லாமல் போட்டாலும் அதையே சொல்கிற மனிதர். பிறகு தினமும் டிப்போவிலிருந்து வந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. கீழ்ச் சுரங்கள் சொன்னபடி கேட்டன. மேலே போனால் சுருதி தொய்ந்தது. நடு நடுவே நீண்ட மௌனம்.

ஒரு சாயங்காலம் அவர் பேண்டு தலைவருடன் போனில் பேசுவது பல்லக்காவின் காதில் விழுந்தது. “அந்தத் தனி வாசிப்பை வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க சார். என் இடத்தையும்தான். உதடு தளர்ந்துபோச்சு. வயசாயிடுச்சுல்ல.”

உதடுதான் காரணமா என்று பல்லக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. உப்புக்கும் உறைப்புக்கும் வாயைத் திறக்காதவருக்கு வாயென்று இருந்ததே அந்த வாத்தியம்தான். நேரே படுக்கையறைக்குப் போய்க் கிளாரினெட்டை எடுத்து வந்து பிரித்தார். உதிரிப் பெட்டியில் கிடந்த இன்னொரு மேல் குழலைப் பக்கத்தில் நிறுத்தினார். தாம் பொருத்தியது அதைவிட ஒரு விரலகலம் கூடுதல் நீளம். கிளாரினெட்டில் சுருதிக்கு ஏற்றபடி வேறு வேறு நீளம் உண்டு. அவர் நெட்டையின் மேல் பாதியைக் குட்டையின் கீழ் பாதியோடு சேர்த்திருந்தார்.

“அடிப்பாவி! மேல் தாடை ஒருத்தருக்கு, கீழ் தாடை இன்னொருத்தருக்கு. தேய்ச்சுத் தேய்ச்சுக் கடிக்க வெச்சிருக்கியே!” என்று தம்மையே திட்டிக்கொண்டார். தாடையில் இந்தத் தவறை வேறு யாராவது செய்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்.

“ஏங்க, மறுபடி போனைப் போடுங்க. உங்க இடத்தைத் திரும்பக் கேளுங்க.”

“விடு. என் உதடு...”

“உங்க உதட்டுல ஒரு குறையும் இல்ல. குறை என் கையில. நான் கட்டினது திரும்பி வந்துடுச்சு, போதுமா?”

கணவர் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். “அப்ப நான் தினமும் கண்ணாடி முன்னால நின்னு உதட்டையே பார்த்துக்கிட்டிருந்தது?”

“மீசைக்கு மை அடிக்கிறீங்கன்னு நினைச்சேன்.”

அவர் சிரித்த சிரிப்பில் பட்டறைத் தாடைகள் தோற்றன. பல்லக்கா சிரிக்கவில்லை, அதற்குள் சின்ன மேல் குழலின் சாவிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

குழல் மாற்றிய கிளாரினெட்டோடு கணவர் அடுத்த ஒத்திகைக்குக் கிளம்பியபோது பல்லக்காவும் கூடவே போனார். பள்ளிக்கூட மண்டபம், மடக்கு நாற்காலிகள். கணவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். மெட்டு மேலே ஏறி, அங்கிருந்து படிப்படியாகக் கீழ் குழலுக்கு இறங்குகிற இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது கழன்று விழுந்தால் ஏந்திக்கொள்ள வேண்டும் என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்து முன்னால் நீட்டினார். ஒன்றும் விழவில்லை. சுரம் மட்டும் சுத்தமாக இறங்கி வந்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பக்கத்தில் பிஸ்கட் தட்டோடு இருந்த பெண்மணி, கேட்கிறார் போலிருக்கிறது என்று ஒன்றை அதில் வைத்தார். கணவரின் பிடரியிலிருந்து கண்ணை எடுக்காமல் பல்லக்கா அதை வாயில் போட்டுக்கொண்டு, கையை மறுபடியும் நீட்டினார்.