முதல் பாடம் சமயம், மூன்றாம் பாடம் கணக்கு

புவனம் ரீச்சர் போய்விட்டார்.

விடிய போனைத் திறந்தால் முல்லைத்தீவிலிருந்து வரிசையாக மிஸ்ட் கோல். எல்லாம் பழைய மாணவி ரிஸ்வானா. அப்போதே விளங்கிவிட்டது...

எங்கள் பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பித்தவர். நேரசூசி, அதுதான் ரைம்ரேபிள், போடுகிற பொறுப்பும் அவரிடம்தான். நான் அங்கே கணக்கு வாத்தி, அதுதான் எனக்கு முதல் அப்பொயின்ற்மென்ற். பழைய மாணவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

சமாதான காலம். ஏ-நைன் பாதை திறந்த அடுத்த வருசம், 2003.

கணக்கு என்றால் எங்கேயும் முதல் பாடம்தான். காலையில்தான் மூளை ஃபிரெஷ்ஷாக இருக்குமாம். நானும் அந்த மிதப்போடுதான் திரிந்தேன்.

ஆனால் பதினோராம் ஆண்டு ஓஎல் வகுப்பில் பின்வரிசை வாங்குகள் காலியாகக் கிடக்கும். கடற்கரைப் பெடியள். விடியக் கரைவலை இழுத்துவிட்டு, காலில் மணலோடு ஓடி வருவார்கள். அதற்குள் என் பாடம் முடிந்துவிடும். இவங்களுக்குக் கணக்கு ஓடாது என்று ஸ்ராஃப் றூமில் எல்லோரும் முடிவு கட்டியாயிற்று.

ஒருநாள் ரீச்சர் அந்தப் பெரிய நேரசூசி மட்டையைத் தூக்கிக்கொண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, உம்மட முதல் பாடத்தை எனக்குத் தாரும். என்ர மூண்டாம் பாடத்தை நீர் எடும்."

"ஏன் ரீச்சர்?"

"பெடியள் பிந்தி வந்தால் கடவுள் கோவிக்க மாட்டார். கணக்கு கோவிக்கும்."

எனக்கு விசர்க் கோபம்தான் வந்தது. மூன்றாம் பாடம், பசிக்கத் தொடங்குகிற நேரம்... ஆனால் அந்த மனுசியோடு கதைத்து ஆர் வெல்லுறது?

அடுத்த கிழமை பின்வாங்குகள் நிரம்பின. எல்லோரும் மேதைகளாகிவிட்டார்கள் என்று புளுக மாட்டேன். ஆனால் வந்து இருந்தார்கள். விளங்காததைக் கேட்டார்கள். அதுவரைக்கும் அவர்களில் ஒருவனின் குரலைக்கூட நான் வகுப்பில் கேட்டதில்லை.

அந்த வருசம்தான் ரிஸ்வானா வந்து சேர்ந்தாள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது போன குடும்பம், புத்தளத்தில் வளர்ந்த பிள்ளை. சொந்த இடம் என்று வாப்பா குடும்பத்தோடு திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார். அங்கே முஸ்லிம் பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. அதனால் எங்களிடம் வந்தாள்.

ஓஎல் சோதினைக்கு அப்ளை பண்ணுகிற நேரம், சமயப் பாடம் பதிய வேண்டும். வகுப்பு ரீச்சர் வழக்கம்போல, "வேதப் பிள்ளையள் கை உயத்துங்கோ" என்றார். கை உயர்த்தினவர்கள் கத்தோலிக்கம். உயர்த்தாத எல்லோரும் சைவம்.

ரிஸ்வானா கை உயர்த்தவில்லை. அவள் சைவமாகிவிட்டாள்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை... எத்தனையோ வருசமாக மூன்றாவது சமயத்துப் பிள்ளை ஒன்று அந்த வகுப்பில் இருந்ததில்லை. புதுப் பிள்ளை, வாய் திறக்கப் பயம்.

அடுத்தநாள் வாப்பா வந்தார். கோபம்கூட இல்லை, களைத்துப்போன குரல்.

"இஸ்லாம் பாடம் இல்லண்டா புள்ளய புத்தளத்துக்கே அனுப்புறன் சேர். மாமி வீட்டில நிண்டு பழைய ஸ்கூல்ல எழுதட்டும்."

ரிஸ்வானா பக்கத்தில் நின்று அழுதாள். உம்மாவை விட்டுப் போக விருப்பமில்லை.

பள்ளிக்கூட அதிபர் கையை விரித்தார். "படிப்பிக்க ஆளில்லை. ஒரு பிள்ளைக்காக நேரசூசியை மாத்தேலாது."

"அப்ப ஒரு பிள்ளை போனால் பரவாயில்லையோ சேர்?" என்றார் புவனம் ரீச்சர். "சமயப் பாடத்தில சைவப் பிள்ளையள் என்னட்ட இருக்கினம், வேதப் பிள்ளையள் மரத்துக்குக் கீழ போகினம். இவ என்ர மேசைக்கு மற்றப் பக்கம் இருக்கட்டும். இஸ்லாம் எண்டே போட்டு அனுப்புங்கோ."

"ஆர் படிப்பிக்கிறது?"

"புத்தகம் தமிழிலதானே கிடக்கு."

வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போன லொறிக்காரரிடம் சொல்லிப் புத்தகம் எடுப்பித்தார். அரபுப் பகுதியை வெள்ளிக்கிழமைகளில் வருகிற மௌலவி பார்த்துக்கொண்டார். மிச்சமெல்லாம் ரீச்சர்தான்.

நெற்றி நிறையத் திருநீறு. வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்றால் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிற மனுசி... மடியில் இஸ்லாம் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, "ஐஞ்சு கடமையையும் ஒழுங்காச் சொல்லும் பாப்பம் பிள்ளை" என்பார். நான் ஜன்னலால் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மௌலவியும் சிரித்தார். "ஹஜ்ஜப் பத்தி ரீச்சர் கேக்குற கேள்விக்கு நானே யோசிக்க வேண்டிக் கிடக்கு."

ரிஸ்வானா புத்தளம் போகவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே எழுதினாள். சமயத்துக்கு A.

ரீச்சர் ஸ்ராஃப் றூம் முழுக்க ரொபி இனிப்புக் கொடுத்தார். "என்ர சைவப் பிள்ளையள்தான் C எடுத்து மானத்தை வாங்கிப்போட்டுதுகள்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. 2009 இல் யுத்தம் முடிந்து முகாமில் தண்ணீர் வரிசையில் அவரைக் கண்டேன். பாதியாகிப் போயிருந்தார்.

சுகம்கூடக் கேட்கவில்லை. "கடற்கரைப் பிள்ளையள் ஆர் ஆர் வந்திருக்கினம் தம்பி?"

எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னேன். மற்றப் பெயர்களை அவர் கேட்கவில்லை.

அவரைப்போல ஒரு ரீச்சரை நான் பிறகு காணவில்லை. நேரில் ஒருநாளும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

காலையில் ரிஸ்வானாவுக்குத் திருப்பி எடுத்தேன்.  அவள் கேட்டாள்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு எடுக்கினம் சேர்?"

"காலமை ஒன்பது மணிக்கெண்டு ரீச்சரின்ர மகன் சொன்னவர்."

"ஐயோ சேர்... வலைக்குப் போறவங்க கரைக்கு வந்து குளிச்சிட்டு வரவேணுமே. அவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லியிருக்கன். கொஞ்சம் பிந்தி எடுக்கச் சொல்லுங்க."

மகனோடு கதைத்தேன். உடனே ஓம் என்றுவிட்டார். மத்தியானத்துக்குப் பிறகுதான் எடுப்பார்கள். பெடியள், ஆறுதலாக வாருங்கோ.

போயிட்டு வாங்கோ ரீச்சர்... முதல் பாடம் உங்கடதுதான்.