ரோபோவின் ஆப் யார் போனில்?

போன மாதம் என் பிறந்த நாளுக்கு என் கணவர் எனக்கு ஒரு துடைப்பம் பரிசளித்தார்.

சிரிக்காதீர்கள். சாதாரணத் துடைப்பம் இல்லை. தோசைக்கல் அளவில், வட்டமாக, கறுப்பாக ஒரு ரோபோ. பட்டனை அழுத்தினால் வீடு முழுக்க ஊர்ந்து தூசியை உறிஞ்சிக்கொள்ளும். சார்ஜ் குறைந்தால் தானே திரும்பிப் போய்ச் சுவரோரம் ஒட்டிக்கொள்ளும். கேக் வெட்டிய கையோடு அட்டைப்பெட்டியை நீட்டினார். பிளஸ் ஒன் படிக்கும் மகள் ஷைனி கை தட்டினாள்.

"இனி நீ குனிஞ்சு தூத்து வார வேண்டாம், கேட்டியா," என்றார்.

அவர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வெள்ளை டைல்ஸ் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். கடையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வீட்டில் பதித்த பிறகுதான் தெரிந்தது — ஒரு தலைமுடி விழுந்தாலும் பேனாவால் கோடு போட்டதுபோல இருக்கும். காலையில் ஒரு தரம் பெருக்கிவிட்டு இராஜாக்கமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேதியியல் நடத்தப் போவேன். சாயங்காலம் வந்து இன்னொரு தரம். பதினெட்டு வருடங்களாக.

ஆகவே ரோபோவின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபம் வந்தது வேறோர் இடத்தில். "ஒனக்க போனத் தா, ஆப் போடணும்," என்று அவர் கை நீட்டியபோது.

"எனக்க போன்ல எதுக்கு?"

"நீதானே இதப் பாக்கணும்?"

ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு சொன்னேன். "பொறந்தநாளு எனக்குத்தான். தரை நம்ம மூணு பேருக்கும்லா. ஒங்க போன்ல போடுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. ஷைனி கேக்கை வாயருகே வைத்தபடி என்னையே பார்த்தாள். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆசையாக வாங்கி வந்தவரிடம் இப்படியா பேசுவது? அம்மாவிடம் போனில் சொன்னால், ஒரு ஆப்தானே, போட்டுவிட்டுப் போயேன், அதில் என்ன குறைந்துவிடும் என்றாள். நான் கேட்கவில்லை. போனைக் கொடுக்கவும் இல்லை.

ஆப் அவர் போனில் ஏறியது.

மறுநாளே ஆரம்பம். கடையில் இருந்தபடியே ஆப்பில் ரோபோவை ஓடவிட்டு யாருக்காவது டைல்ஸ் காட்டிக்கொண்டிருப்பார். போனில் செய்தி வரும் — சக்கரத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது. இன்னொரு நாள், தூசிப்பெட்டி நிறைந்துவிட்டது. உடனே என்னைக் கூப்பிடுவார். ஹாலில் சார்ஜர் வயர் கிடந்ததா? மிதியடியை எடுத்து வைத்தாயா? நான் ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் திருத்திக்கொண்டே, எனக்குத் தெரியாது, ஆப் என்ன சொல்கிறது என்று கேட்பேன்.

ரோபோ பெருக்குமா? நன்றாகவே பெருக்கும். ஆனால் அதற்கு முன்னால் நாற்காலிகளைத் தூக்க வேண்டும், சாக்ஸைப் பொறுக்க வேண்டும், வயரைச் சுருட்ட வேண்டும்... எது எங்கே கிடக்கிறது என்று ஓர் ஆள் எந்நேரமும் மனதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். அதற்கு வேலை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை தலைவலி என்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ரோபோ கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், குனிந்துவிட்டேன். கை பாதி தூரம் போய்விட்டது. அப்படியே இழுத்துக்கொண்டேன். சமையலறைக்குப் போய்த் தேயிலை போட்டுக் குடித்தேன். கத்திக் கத்தி அது அடங்கிப்போனது.

சின்னத்தனம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலம் அவர் களைத்துப்போய் வந்தார். மார்த்தாண்டத்து டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நின்றாராம். நேராகப் படுக்கையறைக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"கட்டிலுக்க அடியில நிக்குது. நீ கண்டியா?"

"கண்டேன்."

"எடுத்திருக்கலாம்லா?"

"எடுத்திருக்கலாம். பதினெட்டு வருஷமா கண்டதையெல்லாம் நீங்களும் எடுத்திருக்கலாம்லா."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் படுத்து, கையை நீட்டி இழுத்தார். ரோபோவோடு ஷைனியின் துப்பட்டாவும் அவருடைய ஒற்றை சாக்ஸும் வந்தன. கூடவே பந்து பந்தாகத் தூசி. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்.

"இவ்வளவு தூசி எங்கேருந்துட்டி வருது?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து தூசியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் கழித்து அவருக்கும்.

இப்போது காலையில் நாற்காலிகளைத் தூக்கி வைப்பது அவர். துண்டைக் கீழே போட்டதற்கு ஷைனியை அதட்டுவதும் அவர். மூலைகளில் கொஞ்சம் தூசி விட்டுப்போகிறது. கண்ணில் படுகிறது, கை பரபரக்கிறது... ஆனாலும் நான் துடைப்பத்தைத் தொடுவதில்லை. உண்மையில், போனைக் கொடுக்காமல் இருந்ததைவிட இதுதான் கஷ்டம்.

இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இந்த ரோபோ தேவைதானா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள் என்கிறேன். பரிசாக மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவருடைய அக்காள், எனக்கு மைனி, மயிலாடியிலிருந்து சாப்பிட வந்திருந்தார். ஹாலில் என் கணவர் முழங்காலில் நின்று, கத்தரிக்கோலால் ரோபோவின் பிரஷ்ஷில் சுற்றிய முடியை வெட்டிக்கொண்டிருந்தார். மைனி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எனக்க தம்பிய முழங்கால்ல நிக்க வச்சிட்டியே மக்கா," என்றார் என்னிடம்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. அதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அக்கா, பைய அங்க வைக்காத. இத இப்ப ஓட்டப்போறேன்."

மைனி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெபத்துக்கு மட்டும்தான் ஆண்களுக்கு முழங்கால் இருக்கிறதா மைனி — நான் கேட்க இருந்தது இதுதான். அன்று சொல்ல முடியவில்லை. பரவாயில்லை, நான் எழுதும் இந்தப் பத்தியை மைனி வாராவாரம் படிப்பவர்.